214வது வரி

ட்ரோன் எடுத்த வயல் படங்களை வைத்து நெற்பயிரின் நோயைக் கண்டுபிடிக்கும் சின்ன மென்பொருள் கம்பெனி அது, தஞ்சாவூரில். அதற்கு வேண்டிய லைப்ரரி என்ற நிரல் தொகுப்பை மூலநிரலிலிருந்து கம்பைல் செய்து ஓடவைக்க மூன்று நாளாக முட்டிமோதிக்கொண்டிருந்தாள் சுடர்விழி. ஒவ்வொரு தடவையும், ஒரு கோப்பின் 214வது வரியில் பிழை என்று சொல்லி நின்றது. அந்தக் கோப்பில் இருந்ததோ 213 வரிகள்தான்.

பக்கத்து மேஜை எழில்மொழிக்கு அதே கோப்பு முதல் தடவையே ஓடிவிட்டது. நன்னிலத்திலிருந்து அவள் வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் முதலாளி அனந்தநாராயணன் சார் வாயைத் திறந்தால் எழில்தான்.

"நான் ஒண்ணுமே பண்ணலக்கா, அதுவா ஓடிடுச்சு" என்றாள்.

அந்த 'அதுவா'வில் சுடர்விழிக்கு வயிறு எரிந்தது.

மத்தியானம் எழில் சாப்பிடப் போனதும், சுடர்விழி அவள் கம்ப்யூட்டரில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தாள். 214 வரிகள் இருந்தன. கடைசி வரியில் 'எழில்மொழி' என்று மட்டும் இருந்தது. கோப்பைக் கடைசியாகத் திருத்திய தேதி ஒன்பது வருஷத்துக்கு முந்தையது.

சுடர்விழி அந்த வரியை வெட்டியெடுத்துத் தன் கோப்பில் ஒட்டினாள். கம்பைல் ஒரு பிழையும் இல்லாமல் முடிந்தது.

சார் எட்டிப் பார்த்தார். "முடிச்சிட்டியா எழில்? நீ இல்லாட்டி நான் என்ன பண்ணுவேனோ!"

அவளைப் பார்த்துத்தான் சொன்னார். திருத்த வாயெடுத்தவள், அவர் முகத்திலிருந்த பெருமையைப் பார்த்ததும், "முடிஞ்சுது சார்" என்றாள்.

கழுவிய டிபன் பாக்ஸோடு அந்தப் பெண் திரும்பி வந்தாள். தன் நாற்காலியருகே வந்து உட்காராமல் நின்றாள்.

"அக்கா, என் பேர் என்னங்க?"

சுடர்விழிக்குத் தெரியும். சொல்லவில்லை.