ஒரு மணி நேரப் பயணம்

“அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கிட்டே கிடக்குக்கா. உன் கையால பால் ஊத்துனாத்தான் அடங்கும்னு எல்லாரும் சொல்றாங்க. பிளேன்லயே வந்துரு,” என்று போனில் அழுதான் தம்பி. பஸ் என்றால் ராத்திரி முழுக்க ஆகும். விமானத்தில் ஒரு மணி நேரம்தான். செண்பகவல்லி அடித்துப்பிடித்து ஏறிவிட்டாள். மேகத்துக்கு மேலே வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது: அவள் போய்ச் சேரும்வரை அப்பா இருப்பார்.

ஊரில் நல்ல மழை. இறங்க வழியில்லாமல் விமானம் வட்டமடித்தது. பக்கத்து இருக்கைக்காரர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துக்கொண்டார். செண்பகவல்லி இருக்கைக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டிருப்பதைக் கண்ட பணிப்பெண் குனிந்து, “பயப்படாதீங்க மேடம், இப்ப இறங்கிடுவோம்,” என்றாள்.

அவள் மணிக்கட்டைச் செண்பகவல்லி இறுகப் பிடித்துக்கொண்டாள்.

“அவசரமில்லம்மா. இன்னும் ரெண்டு சுத்து சுத்தச் சொல்லேன்.”