இடது கை விரல்

பிணவறைக்கு வெளியே வரிசையாகக் கிடந்த உடல்கள் எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை பிளாஸ்டிக்கில் சுற்றப்பட்டிருந்தன. விடிகாலை மழையில், மேலே ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் ஊறி அழிந்துபோயிருந்தன. நோய் பரவும், முகத்தைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு. கையை மட்டும் வேண்டுமானால் காட்டுகிறேன் என்று இரக்கப்பட்டு ஊழியர் கத்தரிக்கோல் எடுத்து வந்தார்.

"உங்க வீட்டுக்காரர் கையில ஏதாவது அடையாளம் இருக்காம்மா?"

தனக்கோடி யோசிக்கவே இல்லை. "இடது ஆள்காட்டி விரல்ல மை இருக்கும்யா. ஓட்டுப் போட்டுப் பத்து நாள்தான் ஆவுது."

சவாரி இல்லாமல் அவள் கணவன் சடையப்பனின் ஆட்டோ மாதக்கணக்கில் வாசலிலேயே நின்றது. ஓட்டுப் போட ஆள் ஏற்றிப்போக வேன் வந்தபோது, தலைக்கு ஒரு மூட்டை அரிசி என்றார்கள். காய்ச்சலில் கிடந்தவன் வரவில்லை என்றுதான் சொன்னான். இரண்டு பேர் போனால் இரண்டு மூட்டை என்று அவள்தான் அவனை எழுப்பிச் சட்டை மாட்டிவிட்டாள். வேனில் நிற்கக்கூட இடமில்லை. அவன் வழியெல்லாம் இருமிக்கொண்டு வந்தான். மற்றவர்களும் இருமினார்கள்.

ஊழியர் குனியவில்லை. கத்தரிக்கோலை மடக்கிப் பைக்குள் வைத்தார்.

"காலையிலேருந்து வந்த எல்லாரும் அதைத்தாம்மா சொல்றாங்க. வேற ஏதாவது சொல்லுங்க."

தனக்கோடி வரிசையைக் கடைசிவரை பார்த்தாள். பிறகு தன் இடது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.