நேரில் பார்த்தவர்

“இதுல மாத்தறதுக்கு ஒண்ணுமே இல்லை, இருசப்பன்” என்றார் நகரமைப்பு அதிகாரி கங்காதரன். செங்கல்பட்டு அலுவலக மேஜையில் 1976-ஆம் ஆண்டுத் திட்டத்தின் வரைபடம் விரிந்து கிடந்தது. “படூருக்கு மேற்கே உங்க குடிசைங்க இருக்கிற இடத்துல இருநூறு வீடு வரப்போகுது. குடியிருப்புப் பகுதின்னு மேப்புல மஞ்சள் அடிச்சாச்சு.”

“அந்த எடம் வோணாம் சார்.”

“பயப்படாதே. உங்க பதினோரு குடும்பத்துக்கும்தான் முதல் வீடு.”

“எங்களுக்கு இன்னா சார் பயம்? அங்க குடிவர்றவங்கள நெனச்சாத்தான் பேஜாரா கீது.”

கங்காதரனுக்குச் சுருக்கென்றது. “பழைய ரெக்கார்டைப் பார்த்துக் காப்பியடிக்கிற ஆள் இல்லைய்யா நான். சித்திரையில நேர்ல வந்து எண்ணினேன். உன் குடிசையில உட்கார்ந்து வெள்ளரிக்காய்கூடத் தின்னேன்.”

“இன்னொரு தபா வந்து பாத்துட்டு, அப்பால கையெழுத்துப் போடுங்க சார்.”

மறுநாளே ஜீப் கிளம்பியது. கார்த்திகை மாதம். ஒரு மண்மேட்டின் மேல் ஏறியதும் இருசப்பன் நிறுத்தச் சொன்னான்.

“குடிசைங்க எங்கப்பா?”

இருசப்பன் கீழே கட்டியிருந்த தெப்பத்தை அவிழ்த்தான். “ஏறுங்க சார், காட்டறேன்.”

எதிரே கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர்.

“இது ஏரி சார். கோடையில வத்துனா உள்ள வெள்ளரி போடுவோம். நீங்க எண்ணுனது காவல் குடிசை. எங்க வூடெல்லாம் அதோ, அந்த மேட்டுல கீது.”

அவன் ஊன்றிய கழி, ஆள் உயரத்துக்கு மேல் உள்ளே போனது.

“இருநூறு வூட்டுக்கும் ஆளுக்கொரு தெப்பம் குடுத்துடுவீங்களா சார்?”