தகரத்துக்கு அந்தப் பக்கம்

புதுக் காய்ச்சல் பரவியதால் எங்கள் தெருவைத் தகரம் வைத்து அடைத்திருக்கிறார்கள். இரண்டு தகரங்களுக்கு நடுவிலிருக்கும் இடைவெளி வழியாகக் காசநோய்ப் பிரிவு அக்காவின் கை மட்டும் உள்ளே வருகிறது. கையுறைக்குள் விரல்கள் வியர்த்திருக்கின்றன. அவள் தந்த சிவப்பு மாத்திரைகளை வாங்கிக்கொண்டு சும்மா நிற்கிறேன். தகரத்தில் பட்ட வெயில் கண்ணைக் குத்துகிறது. “என்ன தம்பி, அடைகாக்குறியா? முழுங்கு.” “வீட்ல போய்ப் போட்டுக்கறேன்க்கா.” “நேத்தும் இதைத்தான் சொன்னே. பாக்காம நகரமாட்டேன்.” தெருமுனையிலிருந்து விசில் கேட்கிறது. “இங்க நிக்கக் கூடாதும்மா, கிளம்புங்க!” என்கிறார் போலீஸ்காரர். “இருங்க சார். இவன் நடுவுல விட்டுட்டா அப்புறம் எந்த மருந்துக்கும் நோய் மசியாது.” வீட்டில் என் மனைவிதான் மாத்திரை எடுத்துத் தருவாள். நான் வாயைத் திறக்கும்போது, குழந்தைக்கு ஊட்டுகிறவள் மாதிரி அவளும் திறப்பாள். போன வாரம் காய்ச்சலில் அவள் இறந்த பிறகு நான் ஒரு மாத்திரையும் விழுங்கவில்லை. லத்தி தகரத்தில் விழுகிறது. தெரு முழுக்க அதிர்கிறது. இடைவெளியில் இப்போது அக்காவின் முகம் தெரிகிறது. “ஆ காட்டு தம்பி.” அவளுடைய முகக்கவசம் கீழ்நோக்கி நீள்கிறது. துணிக்குப் பின்னால் அவள் வாயும் திறந்திருக்கிறது. அது அவளுக்கே தெரியவில்லை. மாத்திரைகளை நாக்கில் வைத்து, அவள் நீட்டிய பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றிக்கொள்கிறேன். தொண்டை கசக்கிறது. “நாக்கைத் தூக்கு.” தூக்குகிறேன். முகக்கவசம் பழையபடி சுருங்குகிறது. “நாளைக்கும் இந்த ஓட்டைகிட்டதான் நிப்பேன்” என்கிறாள்.