சரித்திர வகுப்பும் ஒரு வண்டிப் பச்சைத்தோலும்

"இங்கிலாந்து ராஜாக்களை ஒப்பித்தது போதும். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற வேலூர்க் கோட்டையின் சரித்திரத்தையும் நடத்துங்கள்!" என்று மாணவர்கள் வகுப்பைப் புறக்கணித்துக் கல்லூரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். மதராஸிலிருந்து புதிதாக வந்திருந்த பிரின்ஸிபால் ரங்கசாமி அசரவில்லை.

"போலீஸ் எதற்கு? ஒரு வண்டி பதனிடாத பச்சைத்தோல் வரவழைத்து, காற்று வாட்டத்தில் அவர்கள் பக்கத்தில் நிறுத்து. நாற்றம் தாங்காமல் ஓடிப்போவார்கள். மிஞ்சி நிற்கிறவன் பெயரைக் கல்லூரியிலிருந்து அடித்துவிடலாம்" என்றார் பியூனிடம்.

வண்டி வந்தது. வண்டிக்காரர் கவுஸ் பாஷா மாட்டை அவிழ்த்துக் கட்டினார். மரத்துக் காக்கைகள் காட்பாடிப் பக்கம் குடிபெயர்ந்தன. மாணவர்கள் மட்டும் அசையவில்லை. ஒருவன் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்துகொண்டு சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தான்.

பிரின்ஸிபால் மூக்கைப் பொத்திக்கொண்டு மாடி ஜன்னலுக்கு வந்தார். "இன்னுமா இருக்கிறீர்கள்? உங்களுக்கு மூக்கே கிடையாதா?"

"இருக்குது சார்" என்றான் மாணவர் தலைவன் முக்தார். "நாங்க எல்லாரும் ஆம்பூர்ல தோல் பதனிடுற ஷாப்பு வீட்டுப் பசங்க. ஹாஸ்டலுக்கு வந்ததுலேர்ந்து இந்த வாசனை இல்லாம தூக்கமே வர்ல."

ஜன்னல் படாரென்று மூடியது. மூச்சு முட்டியதும் மறுபடி திறந்தது.

"வாரத்தில் ஒரு மணி கோட்டைச் சரித்திரம். நானே நடத்துகிறேன். எவன் பெயரையும் அடிக்கமாட்டேன். முதலில் வண்டியை எடுக்கச் சொல்!"

முக்தார் வண்டிக்காரரைப் பார்த்தான்.

"இன்னா அவசரம் சார்?" என்றார் கவுஸ் பாஷா. "மாடு களைச்சிருக்குது. மொதப் பாடத்த இப்பவே ஆரம்பிங்க. நானும் கேட்டுட்டுப் போறேன்."