முதல் தாள்

"பெட்டிய மூடிறாதீங்க, செத்த நேரம் பொறுங்க!"

பாஸ்கல் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். நாகல் நகர் மருத்துவச்சி செபஸ்தியம்மாள் அன்று காலை இறந்திருந்தாள். வாசல் கொள்ளாத கூட்டம். அந்தப் பக்கத்தில் பாதிப் பேரை உலகத்துக்கு இழுத்துவிட்டவள் என்றால் சும்மாவா?

பாஸ்கலின் கண் மட்டும் பெட்டிக்குள், அவள் கைகளுக்கு நடுவே இருந்த வெள்ளைத் துணிப் பொட்டலத்தில் நின்றது.

"செபப் புத்தகத்தையும் கூடவே வைக்கிறீங்கன்னு சொன்னாங்களே, நெசமா செல்வி?"

"பின்ன? செபப் புத்தகம் இல்லாம அத்தைய எப்படிண்ணே அனுப்புறது?" என்று அழுதாள் மருமகள் சகாயசெல்வி.

பாஸ்கலுக்கும் அழுகை வந்தது. காரணம்தான் வேறு.

ரயில்வே குமாஸ்தா வேலை அவருக்குச் சோறு போட்டது. உயிர் என்னவோ பழைய அச்சுப் புத்தகங்களில்தான் இருந்தது. எந்தப் புத்தகம் கிடைத்தாலும் நீளம், அகலம், எத்தனை தாள், எத்தனை பூச்சி ஓட்டை என்று நோட்டில் எழுதி வைப்பார். அவரிடமிருந்த நூறு வருஷத்துக்கு முந்தைய செபப் புத்தகத்தைப் பற்றி மட்டும் நாலு பக்கம் எழுதியிருந்தார். அச்சான வருஷத்தை மட்டும் எழுத முடியவில்லை. வருஷமும் அச்சுக்கூடத்தின் பெயரும் இருக்கிற முதல் தாள் அதில் இல்லை.

அரிய புத்தகங்களுக்குப் பட்டியல் போடும் மதராஸ் பேராசிரியர், 'முதல் தாள் இல்லாமல் சேர்க்க இயலாது' என்று ஒரே வரியில் கடிதம் எழுதிவிட்டார். அடுத்த மாதம் பட்டியல் அச்சுக்குப் போகிறது.

அதே புத்தகம் முதல் தாளோடு செபஸ்தியம்மாளிடம் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் ஒரே ஒரு தடவை பிரித்துக் காட்டினாள். பிறகு அவர் முன்னால் பொட்டலத்தை அவிழ்த்ததே இல்லை.

"முழுசும் வேணாம்மா, முதல் தாள மட்டுமாவது குடுங்க" என்று எத்தனை தடவை கெஞ்சியிருப்பார்!

"தொழிலுக்கு வேணும் தம்பி. நான் போனப்புறம் பாக்கலாம்" என்பாள்.

பிரசவம் பார்க்கப் புத்தகம் எதற்கு? சரியான கஞ்சம் என்று நினைத்துக்கொள்வார். இப்போது அவள் போயேவிட்டாள், புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு.

"பங்குச் சாமியார் வந்துட்டாரு!" என்று யாரோ சொல்ல, எல்லோரும் வாசலுக்குப் போனார்கள். பாஸ்கல் மட்டும் பெட்டியருகே முழந்தாளிட்டார். வாய் செபம் சொல்லிக்கொண்டிருக்க, கை பெட்டிக்குள் போனது. வெறுங்கையோடா வந்திருந்தார்? அவருடைய பையில் அதே அளவு, அதே கனம், அதே மாதிரி வெள்ளைத் துணி சுற்றிய இன்னொரு பொட்டலம் இருந்தது. அது பெட்டிக்குள் போனது, பெட்டியில் இருந்தது பைக்குள் வந்தது.

'அதுவும் செபப் புத்தகம்தானே. கிழவிக்கு ஒரு செபம்கூடக் குறையாது' என்று மனச்சாட்சியைச் சமாதானப்படுத்தினார்.

பெட்டியைத் தூக்கியவர்களில் முதல் ஆள் பாஸ்கல்தான். குழியில் மண்ணும் அள்ளிப் போட்டார். "அண்ணனுக்கு அத்த மேல எம்புட்டுப் பாசம்!" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கதவைத் தாழிட்டுப் பொட்டலத்தை அவிழ்த்தார். பசை மணம்கூடப் போகாத புத்தம் புதிய செபப் புத்தகம். கோயில் வாசலில் ஒன்றரை ரூபாய்க்கு விற்கிறார்களே, அது.

கதவு தட்டப்பட்டது. அவசரமாகப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் தள்ளிவிட்டுத் திறந்தார். சகாயசெல்வி நின்றாள்.

"கடைசி மூணு நாளா அத்த இதே பேச்சுதாண்ணே. உங்ககிட்டக் குடுத்துரணும்னு" என்று இரண்டு அட்டைகளுக்கு நடுவிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள்.

முதல் தாள்! வருஷம், அச்சுக்கூடம் எல்லாம் இருந்தது. ஒரு பூச்சி ஓட்டைகூட இல்லை.

"மத்த தாளெல்லாம்?" என்று கேட்டார் பாஸ்கல்.

"ஏதுண்ணே? வலி தாங்காம துடிக்கிற பொம்பளைக்கு அத்த ஒரு தாளக் கிழிச்சுத் தலமாட்டுல வைப்பாங்க. பிள்ள பிறந்ததும் அந்தத் தாளு அந்த வீட்டுக்கே. போன மாசந்தான் கடைசித் தாளும் தீந்துச்சு. புதுப் புத்தகம் வாங்கியாந்தேன், அதுக்குள்ள படுத்துட்டாங்க. இந்தத் தாள்ல மட்டும் செபமே இல்லையாம், யாருக்கும் குடுக்கல. 'பாஸ்கல் தம்பி இத்தன வருஷம் கேட்டுச்சு, அதுக்காவது உதவட்டும்'னு சொன்னாங்க."

செபஸ்தியம்மாளைக் கஞ்சம் என்று நினைத்ததற்குப் பாஸ்கல் வெட்கப்பட்டுத் தலைகுனிந்தார்.

"உங்க புத்தகத்தக் கொண்டாங்கண்ணே. பொருந்துதான்னு பாத்துட்டுப் போறேன்."

முழுப் புத்தகம் கிடைக்கும்போது குறைப் புத்தகம் எதற்கு என்று பாஸ்கலே வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்துப்போன அவருடைய புத்தகம், கல்லறைத் தோட்டத்தில், செபஸ்தியம்மாளின் கைகளுக்குள் இருந்தது.