ஒற்றைக் கால் பூட்ஸ்

“தப்பிச்சிடுச்சாம்! எழுதியிருக்கான் பாருங்க!” புத்தகத்தை மேஜைமேல் வீசினேன்.

எங்கள் நாசகாரிக் கப்பல் ‘தார்ன்பி’ போரில் செய்ததையெல்லாம் கடற்படை அச்சுப்போட்டு அனுப்பியிருந்தது. அட்லாண்டிக்கில் நாங்கள் மூழ்கடித்த ஜெர்மன் நீர்மூழ்கிக்கு ஒரே வரி: ‘தப்பியது.’

“அப்பா, மாமாவை வச்சுக்கிட்டா இந்தப் பேச்சு? இன்னைக்குத்தான் முதல் தடவையா நம்ம வீட்டுக்கு வந்திருக்கார்,” என்றாள் மகள் டாம்சின், மாமனாருக்கு டீ ஊற்றிக்கொண்டே.

“அவரே நியாயம் சொல்லட்டும்! சம்பந்தி, கடலுக்குள்ள குண்டு போட்டது நான். எண்ணெய் மிதந்துச்சு. இதோ, இந்த பூட்ஸும் மிதந்து வந்துச்சு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? செத்தவன் எந்திரிச்சு வந்து சொல்லணுமா?”

குளிர்காயும் கணப்படுப்பின் மேல் இத்தனை வருஷமாக நான் பாலிஷ் போட்டு வைத்திருக்கும் பூட்ஸ். இங்கிலாந்தின் பிளிமத் துறைமுகத்தில் எங்கள் தெருவுக்கே தெரியும்.

சம்பந்தி எழுந்துபோய் அதை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, தன் இடது ஷூவைக் கழற்றிவிட்டுக் காலை அதற்குள் விட்டார். கச்சிதமாகப் பொருந்தியது.

“என்ன பண்றீங்க?”

“எண்ணெயோட எதையாவது சேர்த்து வெளியே தள்ளுங்கடா, மூழ்கிட்டோம்னு நம்பிப் போயிடுவாங்கன்னார் எங்க கேப்டன்,” என்றார் தயங்கியபடி. “சொல்லிட்டு என் காலைப் பார்த்தார்.”

நான் புத்தகத்தை எடுத்து அந்த ஒரு வரியை மறுபடி படித்தேன்.

“கோவிச்சுக்காதீங்க சம்பந்தி. இதோட ஜோடி ஹாம்பர்க்ல எங்க வீட்ல சும்மாதான் கிடக்கு. அடுத்த தடவை கொண்டுவரேன்.”